உதவியவர்

ஆமத்தூரில் விருதுநகர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வெடி ஆபீஸ் வண்டிகள் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விட்ட நேரம். டீக்கடையில் நாலு பேர்தான். கடைக்காரரின் செல்போனில் ‘என்ஜாய் எஞ்சாமி’ ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஆரம்பித்தார்.

“இது ஒப்பாரி மெட்டுய்யா. ஊர்ப்பட்ட கெழவிக பாடுனது. இதைப் போயி அந்தப் பையன் எம்பாட்டு எம்பாட்டுன்னு சண்டைக்கு நின்னான். நாட்டுப்பாட்டுக்கு ஏதுய்யா சொந்தக்காரன்? பெறகு தனியா ஒரு ஆல்பம் போட்டானே, என்னாச்சு? சத்தத்தையே காணமே!”

கடைக்காரர் தலையாட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேனோ என்னவோ, பஸ் வந்துவிட்டது.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். வாத்தியார் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. அவர் சொன்னதைக் கல்லூரிக் கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன், முற்போக்கு மேடைகளிலும் கேட்டிருக்கிறேன். ‘பாட்டு மக்கள் சொத்து’ என்று ஒருவர் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? மறுத்தால் நாம்தான் பேராசைக்காரர் ஆவோம். ஆனால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். இந்த நியாயம் எப்போதும் பாடுகிறவரிடம் மட்டும்தான் சொல்லப்படுகிறது. ஒலிப்பதிவுக் கம்பெனியிடம் போய் “இது ஊர்ச் சொத்து, உனக்கெதற்கு உரிமை” என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

நடந்ததை மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாக. 2021 மார்ச் 7 அன்று அந்தப் பாட்டு வெளியானது. பாடகி தீயின் பெயர் முன்னால், வாத்தியார் சொன்ன ‘அந்தப் பையன்’, ராப் பாடகர் அறிவின் பெயர் ‘உடன்’ என்று பின்னால், தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். மாஜ்ஜா என்ற நிறுவனம் வெளியிட்டது. நாற்பது கோடிக்கும் மேல் பார்வைகள். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார், கூச்சல் எழுந்தது, பிறகு அறிவுக்கும் ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலை 28-ல் சென்னை செஸ் ஒலிம்பியாடு தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. எழுதியது, மெட்டுக் கட்டியது, பாடியது எல்லாம் தானே என்றும், ஒருவரும் தனக்கு மெட்டோ சொல்லோ எடுத்துக் கொடுக்கவில்லை என்றும் அறிவு எழுதினார். இசையமைத்துத் தயாரித்தது தான் என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். 2024 மார்ச்சில் அவரே, மூன்று வருஷத்தில் ஒரு பைசா தங்கள் கைக்கு வரவில்லை என்றார். ஒன்றுமில்லாததைச் சமமாகப் பங்கு போடுவது ரொம்பச் சுலபம்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஸ்டூடியோவுக்குள் யார் எந்த இடத்தில் எந்தச் சுரத்தைப் போட்டார்கள் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குப் பொறுக்காதது வெளியே நடந்த பேச்சு. மூன்று பேருக்குள் தகராறு. அதில் இரண்டு பேரின் பங்கைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மூன்றாவது ஆளிடம் மட்டும் “அது உங்க பாட்டி பாட்டுதானே, ஊர்ப் பாட்டுதானே” என்று சொல்லிவிட முடிந்தது. இளையராஜா தன் மெட்டுகளுக்கு உரிமை கேட்டபோது அவரைத் திட்டியவர்கள் ஏராளம். ஆனாலும் அம்மா சின்னத்தாயிடம் கேட்டதையும் பண்ணைப்புரத்துக் காடுகரையில் கேட்டதையும் பற்றி அவரே பேசியிருந்தும், “அதெல்லாம் பண்ணைப்புரத்து ஊர்ச் சொத்து” என்று திட்டியவர்களில்கூட யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இசையமைப்பாளர் என்ற பட்டம் வந்துவிட்டால் கேட்டறிந்தது ‘பாதிப்பு’ ஆகிவிடுகிறது. பட்டம் இல்லாதவன் கேட்டறிந்தால் அது ‘எடுத்துக்கொண்டது’.

சரி, பாட்டுக்கு வருவோம். நாட்டுப்பாட்டின் இலக்கணம் என்று கல்லூரிப் பாடநூல்கள் ஒரு வரிசை போடும்: வாய்மொழியாக வருவது, மாறிக்கொண்டே இருப்பது, ஆசிரியர் இன்னார் என்று தெரியாதது. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில்தான் ஒரு கைச்சரக்கு இருக்கிறது. ‘தெரியாதது’ என்று ஆரம்பிப்பார்கள். நாலு பக்கம் தள்ளி அது ‘இல்லாதது’ ஆகியிருக்கும். ஒருவர் தன் பெயரைச் சொல்லாததும், நாம் கேட்காததும், கேட்டும் எழுதாததும் மூன்றும் வேறு வேறு சங்கதிகள். மூன்றையும் ஒரே உரலில் போட்டு இடித்து ‘சமூகத்தின் கூட்டுப் படைப்பு’ என்று மாவாக்கி வைத்திருக்கிறோம்.

எங்கள் பக்கத்துக்கே வருகிறேன். கழுகுமலைக்குக் காவடி தூக்கிப் போகிறவர்கள் பாடுகிற சிந்தைக் கேட்டால் அது காலங்காலமாய் மண்ணிலிருந்து முளைத்ததுபோல இருக்கும். அது சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன் ஆதரவில் இருந்துகொண்டு கட்டியது. காவடி சுமந்தவனுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாட்டு வாய் மாறியது, வரி மாறியது, சில ஊரில் மெட்டும் மாறியது. அதனால் ரெட்டியார் இல்லாமல் போய்விட்டாரா? ஜமீன் இருந்தது, அச்சு இருந்தது, பெயர் தங்கியது. சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் பாடி விற்ற கொலைச்சிந்துப் புத்தகங்கள் இதைவிடத் தெளிவான சாட்சி. அவற்றின் அட்டையில் இயற்றியவர் பெயர், அச்சகத்தின் பெயர், விலை மூன்றும் இருக்கும். சாணித்தாளில் அச்சடித்து அணாவுக்கு விற்ற பாட்டுக்கு ஆசிரியர் உண்டு. ஒப்பாரி வைத்த கிழவிக்கு மட்டும் ஏன் இல்லை?

ஒப்பாரி எப்படி உருவாகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இந்தக் கேள்வி எழும். அதில் ஒரு சட்டகம் இருக்கிறது. விளிச்சொல், இழுவை, தங்கத்தையும் தாழம்பூவையும் வைத்துச் சொல்கிற உவமைகள், இதெல்லாம் எல்லாருக்கும் பொது. அந்தச் சட்டகத்துக்குள் செத்தவன் யார், என்ன வாங்கித் தந்தான், எந்தக் கடனை வைத்துவிட்டுப் போனான், அண்ணன் தம்பி எவன் பாகம் தராமல் ஏமாற்றினான் என்பதை அந்த நேரத்தில் நிரப்புவது அவள். நிரப்புகிற கை தேர்ந்ததாக இருந்தால் சாவு வீட்டுக் கூட்டம் பேச்சை நிறுத்தும். இல்லாவிட்டால் மூக்கைச் சிந்திவிட்டு வெற்றிலை போடும். யார் நன்றாகப் பாடுவார் என்பது ஊருக்குத் தெரியும். பக்கத்து ஊரில் ‘பெரிய சாவு’ விழுந்தால் ஆள் விட்டு அழைப்பார்கள். பொதுவான சட்டகம் இருப்பதால் ஆசிரியர் இல்லை என்றால், வெண்பா இலக்கணமும் எல்லாருக்கும் பொதுதான். நளவெண்பா புகழேந்தியுடையது இல்லை என்று வாத்தியார் சொல்வாரா? கரகரப்ரியா யார் வீட்டுச் சொத்தும் இல்லை. அதில் பாடிய கடைசி அடியில் தியாகராஜர் தன் பெயரை வைத்தால் அது முத்திரை.

அறிவும் வைத்தார். தான் வள்ளியம்மாளின் பேரன் என்று அந்தப் பாட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக இருந்து, இந்த நாட்டுக்குத் திரும்பியும் காணி நிலம் இல்லாமல் நின்ற பாட்டி அவர் என்று அறிவு பல இடங்களில் சொல்லியிருக்கிறார். தனி ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயரும் ‘வள்ளியம்மா பேராண்டி’. விமர்சனம் எழுதியவர்கள் இதை உருக்கமான தலைப்பு என்று தாண்டிப் போய்விட்டார்கள். எனக்கு அது ஒரு கணக்கு ஒப்படைப்பாகத் தெரிகிறது. பாட்டு எங்கிருந்து வந்தது, யாரிடம் வந்து நின்றது என்ற இரண்டும் அந்த இரண்டு சொல்லில் இருக்கின்றன. கொடுத்தவர் பெயர் முன்னால், வாங்கிக் கட்டியவர் உறவு பின்னால். வேறு எந்தத் தமிழ் ஆல்பத்தின் அட்டையிலும் மூலத்துக்கு இத்தனை பெரிய எழுத்தில் நன்றி சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பாடியவர் பெயர் எப்படி உதிர்கிறது என்பதற்கு எதிரிகளைத் தேடிப் போகவேண்டாம். நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964-ல் வந்தது. அந்தத் தொகுப்பு இல்லையென்றால் கரிசல் காட்டுப் பாட்டில் பாதி போன இடம் தெரிந்திருக்காது. விளாத்திகுளம் வட்டாரத்தில் எஸ்.எஸ். போத்தையா போன்றவர்கள் நடையாய் நடந்து சேர்த்தது. அந்த உழைப்பைக் கும்பிட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பாட்டுகளின் கீழே வட்டார வழக்குச் சொல்லுக்குப் பொருள் இருக்கும், ‘சேகரித்தவர்’ இருப்பார், ‘இடம்’ இருக்கும். சில பாட்டுகளுக்குக் கீழே இன்னொரு பெயரும் உண்டு. அதற்கு மேல் போட்டிருக்கும் சொல் ‘உதவியவர்’. பாட்டைச் சொன்னவர்தான் அவர் என்று கொள்ள வேண்டியிருக்கிறது. பாட்டே அவரிடமிருந்து வந்தது, அவர் உதவியவர்! சமையல்காரரைப் பந்தியில் ‘பரிமாற ஒத்தாசை செய்தவர்’ என்று அறிமுகப்படுத்துவது மாதிரி. உழைக்கும் மக்களின் பக்கம் நின்ற, அதற்காகவே வாழ்ந்த பேராசான் தொகுப்பிலேயே இந்தச் சொல் உறுத்தாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால், மற்ற இடங்களைப் பற்றி என்ன சொல்ல?

நான் மட்டும் யோக்கியனா? முப்பது வருஷத்துக்கு முன்னால் எம்.ஃபில். பட்டத்துக்காக ஆமத்தூர், வடமலாபுரம், திருத்தங்கல் என்று டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டே பாடிய பெண்கள், பருத்திக் காட்டில் பாடியவர்கள், முளைப்பாரிக் கும்மிக்காரர்கள். ஆய்வேட்டின் அட்டையில் தங்க எழுத்தில் என் பெயர். அவர்கள் பெயர்கள் பின்னிணைப்பில், ‘தகவலாளர் பட்டியல்’ என்ற தலைப்பில். வரிசை எண், பெயர், வயது, சாதி, தொழில், ஊர். பாட்டுக்குக் கீழே பெயர்கூடக் கிடையாது, ‘த. 12’, ‘த. 17’ என்று எண்தான். எனக்கு வழிகாட்டிய பேராசிரியர் அதில் ஒரு பிழையும் காணவில்லை. நானும் காணவில்லை. பாட்டை எழுதி முடித்ததும் தகவல் தந்தவர் வேலை முடிந்துவிட்டது என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள்.

இந்த நல்லெண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு கதை உண்டு. 1939-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கல்லோ என்ற ரெக்கார்டு கம்பெனிக்கு சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் ‘ம்பூபே’ என்றொரு பாட்டைப் பாடிக் கொடுத்தார். கிடைத்தது பத்து ஷில்லிங். ரெக்கார்டு அமெரிக்காவில் பீட் சீகர் கைக்குப் போனது. சீகர் யார்? தொழிலாளர்களுக்காகப் பாடி அரசாங்கத்தின் பகையைச் சம்பாதித்தவர். நம் ஊரில் பிறந்திருந்தால் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிய பாவலர் வரதராசனோடு தேவிகுளம் தேர்தல் பிரசாரத்துக்கு வந்திருப்பார். அவர் அதை ஆப்பிரிக்க மக்கள் பாட்டு என்று நினைத்துத் தன் வீவர்ஸ் குழுவோடு பாடினார். உரிமை ‘பால் கேம்ப்பெல்’ என்ற பெயரில் பதிவானது. அப்படியொரு ஆள் கிடையாது, குழுவின் புனைபெயர். பாட்டு லிண்டாவுடையது என்று கேள்விப்பட்ட பிறகு சீகர் அவருக்கு ஆயிரம் டாலர் அனுப்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1961-ல் அதே மெட்டு வேறு வார்த்தைகளோடு உலகம் பூராவும் ஒலித்தது, 1994-ல் டிஸ்னியின் ‘லயன் கிங்’ படத்துக்குள்ளும் வந்தது. லிண்டா 1962-லேயே வறுமையில் செத்துப்போயிருந்தார். 2000-ல் ரியான் மாலன் என்பவர் இதையெல்லாம் தோண்டி எழுதினார். குடும்பத்துக்கு ஓர் உடன்பாடு கிடைத்தது 2006-ல். மாலனின் கட்டுரை வந்த பத்திரிகை எது தெரியுமா? ரோலிங் ஸ்டோன்தான். தன் பழைய இதழை அதன் இந்தியப் பிள்ளை புரட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அங்கே ஜூலு, இங்கே யார் என்பதைத் தொடாமல் போனால் கட்டுரை பொய்யாகிவிடும். நம் கிராமத்தில் யாருக்குப் பெயர் இருந்தது? பறையடித்தவரை, இழவு சொல்லப் போனவரை, துணி வெளுத்தவரைப் பெயர் சொல்லியா கூப்பிட்டார்கள்? சாதியையும் தொழிலையும் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர்கள் வேலைக்குக் கூலி கிடையாது. களத்தில் அளந்து போட்ட தானியம்தான் இருந்தது. அதற்குப் பெயர் ‘சுதந்திரம்’. தமிழில் இதைவிடக் கசப்பான வார்த்தை விளையாட்டு வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எவருடைய உழைப்புக்கு விலை பேசும் உரிமை இல்லையோ, அவர்கள் பாட்டுக்குத்தான் ஆசிரியர் இல்லை. தாழ்வாரத்தில் நின்று பாடியவரின் பாட்டு ‘மண்ணின் பாட்டு’, மண்டபத்தில் உட்கார்ந்து பாடியவரின் பாட்டு ‘சாகித்யம்’. கே.ஏ. குணசேகரன் வாழ்நாள் முழுக்க மோதியது இந்தச் சுவரோடுதான். இளையான்குடிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, ‘தன்னானே’ குழுவை அமைத்து, பறையை மேடை நடுவில் வைத்துப் பாடினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், ‘வடு’ என்ற தன்வரலாற்றை எழுதினார். அவரையும் சொன்னார்கள்: கட்சிப் பாட்டு பாடுகிறார், மேடைக்காக மெட்டை மாற்றுகிறார், அசல் நாட்டுப்பாட்டு இது இல்லை என்று. அசல் என்று அவர்கள் கேட்டது வாய் திறந்து நியாயம் கேட்காத பாட்டை. 2016 ஜனவரியில் அவர் போனார். அவர் தொண்டையால் ஊர் ஊராய்ப் போய்ச் சேர்ந்த ‘மனுசங்கடா’வை எழுதிய இன்குலாப் அதே ஆண்டு டிசம்பரில் போனார். அந்தப் பாட்டை இன்றைக்குப் பாடுகிற எத்தனையோ பிள்ளைகள் அதையும் ‘நாட்டுப்பாட்டு’ என்றே நினைக்கிறார்கள். இத்தனைக்கும் எழுதியவர் கல்லூரிப் பேராசிரியர், பாடியவரும் பேராசிரியர். பெயர் தெரிந்த இருவர் நம் கண்ணெதிரே பெயரற்றவர்களாகிக் கொண்டிருக்கிறார்கள். ‘ஆசிரியர் அறியாமை’ எப்படி உண்டாகிறது என்று பார்க்கத் தொல்காலத்துக்குப் போகவேண்டியதில்லை.

வாத்தியாரின் கட்சியில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை, நான் எடுத்துக் கொடுக்கிறேன். ‘சரி, அறிவுக்கு ஆசிரியர் உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வள்ளியம்மாளுக்கும் உண்டே? அவளுக்கு முன்னால் பாடியவளுக்கும்? ஒருவனைச் சொந்தக்காரன் ஆக்கினால் அவனுக்குப் பின்னால் நிற்கிற பத்துப் பேரை அழிக்கிறோமே?’

நியாயமான கேள்வி. அறிவின் பதிவில் எனக்குப் பிடிக்காத இடமும் இதுதான். ஒருவரும் ஒரு சொல்லும் தரவில்லை என்பது கோபத்தில் எழுதியது. பாட்டியே சொல் தந்தவர்தான் என்பதை அவரே நூறு தடவை சொன்னவர். இசையைக் கோத்துப் பாட்டாக நிற்கவைத்தவரின் வேலையும் சின்ன வேலை இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் என்ன? பத்துப் பேர் இருக்கிறார்கள் என்றால் பத்துப் பெயரையும் எழுதுவதுதானே பதில்? பத்துப் பேர் இருப்பதால் ஒரு பெயரும் வேண்டாம் என்பது எந்த ஊர்க் கணக்கு? பாகப் பிரிவினையில் பங்காளிகள் அதிகம் என்பதற்காக நிலத்தை எதிர்வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுப்பார்களா? ‘எல்லாருக்கும் சொந்தம்’ என்பதன் நடைமுறை அர்த்தம், ஒலிப்பதிவு எந்திரம் வைத்திருந்தவருக்குச் சொந்தம் என்பதே. சட்டமும் இந்த இடத்தில் ஓரளவுக்குக் கண் திறந்தது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாட்டு எழுதியவரும் மெட்டுக் கட்டியவரும் தங்கள் ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று ஆக்கினார்கள். அதற்குப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் நின்று பேச வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பங்கு வர முதலில் ‘எழுதியவர்’ என்று ஒருவர் இருக்க வேண்டும். ‘பாரம்பரியப் பாடல்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால் அந்தக் கதவும் அடைபட்டது.

இனி, ‘தனி ஆல்பம் எடுபடவில்லையே’ என்பது. ‘என்ஜாய் எஞ்சாமி’ ஓடிய ஓட்டத்துக்கு இது பக்கத்தில் வரவில்லை, மறுக்கவில்லை. அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் கோளாறு: அப்படியென்றால் முதல் பாட்டின் வெற்றி அறிவுடையது இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாம். இதைப் பட்டாசு செய்கிற சிவகாசிக்காரன் நம்பக்கூடாது. லேபிள் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாதா? ஒரே மருந்து, ஒரே திரி, ஒரே கை பின்னிய சரம், இரண்டு பெட்டிக்குள் போகும். ஒன்றின் மேல் தீபாவளிக்குத் தீபாவளி பார்த்துப் பழகிய லேபிள், இன்னொன்றின் மேல் ஊர் பேர் தெரியாத லேபிள். எது விற்கும்? ஆப்செட் அச்சில் நாலு கலரில் லேபிள் அடித்தே பிழைத்த ஊர் நம்முடையது. ஒரு நிறுவனத்தின் பணமும் படப்பிடிப்பும் உலக விளம்பரமும் பின்னால் நின்ற ஒரு பாட்டின் எண்ணிக்கையையும், ஒருவன் தன் பெயரை நம்பி இறக்கிய ஆல்பத்தின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைந்ததைக் காட்டி ‘பார், திறமை இல்லை’ என்பது லேபிளைக் கொளுத்திச் சத்தம் கேட்பது மாதிரி.

அமெரிக்கப் பாடகர் வூடி கத்ரி 1940-ல் புழுதிப் புயலில் ஊரை விட்டு ஓடியவர்களைப் பற்றி ஒரு தனி ஆல்பம் போட்டார். விற்பனை சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இன்று அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதில் வந்துதான் நிற்கிறார்கள். அறிவின் ஆல்பத்துக்கும் அப்படி ஆகும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. அதில் சில இடங்களில் சொல் நெரிசல் அதிகம், மூச்சு விட இடமில்லாமல் கருத்தை அடுக்குகிறார் என்பது என் அபிப்பிராயம். பாட்டியின் ஒப்பாரியில் இருக்கிற இழுவையைப் பேரன் இன்னும் கொஞ்சம் நம்பலாம். இதெல்லாம் ஒரு ஆசிரியரிடம் சொல்கிற குறைகள். ஆசிரியரே இல்லை என்று சொல்லிவிட்டால் குறைகூடச் சொல்ல முடியாது.

ராப்பும் கம்ப்யூட்டர் தாளமும் நாட்டுப்பாட்டா என்று கேட்பவர்களுக்கு நீளமான பதில் வேண்டியதில்லை. ஆர்மோனியம் கப்பலில் வந்தது. நாடகக்காரர் கையிலிருந்து வில்லுப்பாட்டுக்குள் நுழைந்தது. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வந்தால், நையாண்டி மேளம் எந்தப் படத்துப் பாட்டை வாசிக்கிறது என்று காதால் கேட்டுக்கொள்ளலாம்.

மறுபடி பெயருக்கே வருகிறேன். பாடகி கொல்லங்குடி கருப்பாயி 2025 ஜூனில் மறைந்தபோது பத்திரிகைகள் பலவும் ‘ஆண்பாவம்’ படத்தில் நடித்தவர் என்று தலைப்புப் போட்டன. 1985-ல் வந்த ஒரு படம். அதற்கு முன்னும் பின்னும் அவர் கட்டிப் பாடியவை ‘நாட்டுப்புறப் பாடல்கள்’ என்று மொத்தமாக ஒரு வரியில் போயின. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை. இங்கே ஒரு பெண்ணின் பெயர், வயது, கணவர் பெயர், ஊர் எல்லாம் பிழையில்லாமல் அச்சாகிற நாள் ஒன்று உண்டு. வெடி விபத்துக்கு மறுநாள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி விபத்துக்குப் பிறகும் அப்படித்தான் பட்டியல் வந்தது.

போன பங்குனியில் முளைப்பாரி எடுத்த அன்று ராத்திரி ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கோயில் வாசலில் கும்மி கேட்டேன். நடுவில் நின்று பாட்டை எடுத்துக் கொடுத்தவருக்கு எழுபது வயதிருக்கும். சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸ், பிறகு சரம் பின்னுகிற வேலை, இப்போது கண் தெரியாததால் வீட்டில். அம்மன் புகழில் ஆரம்பித்த கும்மி, பாதியில் ஒரு வெடி ஆபீஸ் தீயில் போன பிள்ளைகளிடம் வந்து நின்று, பெயர் பெயராகச் சொல்லிச் சுற்றி வந்தது. செல்போனில் பதிவு செய்தேன். முடிந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாத்தியார் கேட்காததை, நானும் முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்காததைக் கேட்டேன்.

“இது யாரு கட்டுன பாட்டு, பெரியம்மா?”

“முன்பாதி எங்க ஆத்தா பாடுறது. தீப்பிடிச்ச கதை நாங்கட்டுனது. நடுவுல அந்தப் பொட்டப்பிள்ள கொலுசு வாங்குன சங்கதி வருதுல்ல, அது எங்கொழுந்தியா சொன்னது. அவ இல்லாம அத நான் பாட மாட்டேன், இன்னைக்கு அவ நின்னா, பாடுனேன்.” ஆத்தா பெயரையும் கொழுந்தியா பெயரையும் தன் பெயரையும் ஊரோடு சேர்த்துச் சொன்னார். பிறகு, “எழுதிக்கிட்டியாய்யா?” என்றார்.

செல்போனைப் பார்த்தேன். அது தன்பாட்டுக்கு ‘புதிய பதிவு 14’ என்று போட்டு வைத்திருந்தது. அதை அழித்துவிட்டு அவர் சொன்ன வரிசையிலேயே மூன்று பெயரையும் தட்டினேன். கொழுந்தியா பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டேன். தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, “அந்த ல இல்ல மாமா, பெரிய ள” என்று திருத்தினாள்.